பேர்கனில் நின்ற சம்பந்தியும் தண்டவாளத்தில் நின்ற காரும்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

ஒஸ்லோவில் ட்ராம் ஓட்ட வந்திருக்கும் எங்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவனிடம் அனுபவம் கேட்பது ஆபத்தான வேலை. அவன் தான் வென்ற கதைகளைத்தான் சொல்லுவான். நானும் வென்ற கதைகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு கோப்பி குடித்து முடிவதற்குள் அவை முடிந்துவிட்டன. ஆகவே தோற்ற கதை ஒன்றை எழுதுகிறேன். பிரேக் பிடிப்பதையும் கதவு பூட்டுவதையும் வகுப்பில் படம் போட்டுக் காட்டுவார்கள். நான் எழுதுவது படத்தில் வராத சங்கதி.

புதிய தாழ்தள ட்ராம்கள் வந்தபோது எனக்கு அறுபது வயது. அதற்கு முன் இருபத்தைந்து வருடம் பழைய ட்ராமோடு மல்லுக்கட்டினேன். அதில் ஏறுவதற்கு மூன்று படிகள். பிள்ளைவண்டியோடு ஒரு தாய் நின்றால் யாராவது ஒருவர் முன்சில்லைப் பிடித்துத் தூக்க வேண்டும். புதியதில் படியே கிடையாது. விறாந்தையிலிருந்து அறைக்குள் போவதைப் போல மேடையிலிருந்து உள்ளே நடந்து போகலாம். சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் யாரையும் உதவி கேட்காமல் தானே உருட்டிக்கொண்டு ஏறியதை முதல் தடவை கண்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்வு பெறுமுன் அந்த வண்டியை ஓட்டியே தீருவது என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சி வகுப்பில் வாஃபிளும் கோப்பியும் தந்து, உலகப் படம் ஒன்றைச் சுவரில் காட்டினார்கள். இந்த ட்ராம் தனி ஆள் அல்ல, ஒரு குடும்பம் என்றார் வகுப்பெடுத்தவர். பிறந்த இடம் ஸ்பெயின். மூத்ததுகள் செவில்லாவிலும் சரகோசாவிலும் ஓடுகின்றன. மற்றதுகள் பேர்மிங்ஹாம், எடின்பரோ, புடாபெஸ்ட், லக்ஸம்பேர்க், ஃபிரைபூர்க், சிட்னி என்று போய்க் குடியேறிவிட்டன. வகுப்பில் இருந்த நோர்வேக்காரர் எல்லோரும் வியந்து பார்த்தார்கள். எனக்கு வியப்பாக இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கலியாண அழைப்பிதழ் அனுப்பும் பட்டியலும் கிட்டத்தட்ட இதேதான்.

அன்றிரவே சிட்னியில் இருக்கும் மச்சானுக்குப் போன் அடித்தேன். "உங்களுக்கு இப்பதான் வந்ததோ? எங்களுக்கு எப்பவோ வந்திட்டுது," என்றான். பேர்மிங்ஹாமில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி, தங்களுடைய வண்டிக்கு நகர மத்தியில் மேலே கம்பியே தேவையில்லை, பற்றரியில் ஓடும் என்றான். பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு கதைக்கும் அதே குரலில் ட்ராமைப் பற்றியும் கதைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "எங்கடை பனியிலை ஓடிக் காட்டட்டும் பாப்பம்," என்று வைத்துவிட்டேன்.

வகுப்பில் சொன்னதில் ஒன்றை மட்டும் மனதில் ஆழமாகப் பதித்துக்கொண்டேன். குடும்பம் ஒன்றானாலும் ஒவ்வொரு நகரமும் தன் அளவுக்குச் சட்டை தைத்திருக்கிறது. எங்கள் புது வண்டி எங்கள் பழைய வண்டியைவிட அகலம். ஒரு பக்கத்துக்கு நான்கு விரல் அளவு வரும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மாசி மாதம். தெருவோரமெல்லாம் பனியைக் குவித்துவிட்டிருந்தார்கள். பயணிகளோடு ஓடி, பரீட்சகர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கும் கடைசிச் சோதனை எனக்கு. அந்தப் பரீட்சகர் வடக்கு நோர்வேக்காரி. பெயரை எழுதவில்லை, எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "யா வெல்" என்ற இரண்டு சொல்லோடு ஒரு முழு நாளைக் கடத்தக்கூடிய ஆள். நல்லது என்பதற்கும் அதுதான் சொல்லுவார், நாசமாய்ப் போ என்பதற்கும் அதுதான். எது எதற்கு என்பதை நாங்கள்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முகத்திலும் ஒன்றும் இராது.

கிறெஃப்சன் கடைசித் தரிப்பில் புறப்பட நின்றபோது, முன் கதவால் ஏறிய பெண் ஒருத்தி என் அறைக் கண்ணாடியில் தட்டினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மன்னார்ப் பக்கம் என்று கதையில் தெரிந்தது. பெயர் ஜெசிந்தா என்று பிறகுதான் அறிந்தேன்.

"அண்ணை, நீங்கள் தமிழ்தானே? பத்து மணிக்கு எனக்கு நோர்ஸ்க் பாஷை வாய்மொழிப் பரீட்சை. ஜேர்ன்பானெதோர்கெற்றிலை இறங்கி அஞ்சு நிமிசம் நடக்கவேணும். நேரத்துக்குப் போகுமோ?"

நேரம் ஒன்பது இருபது. "தாராளமா," என்றேன்.

"பத்துக்குக் கதவைப் பூட்டிப்போடுவினமாம், பிறகு விடமாட்டினமாம். இந்தப் பேப்பரைக் குடுத்தாத்தான் முதியோர் இல்லத்திலை நிரந்தரமா எடுப்பினம். ஆறு வருசமா ஆக்கள் வராத நாளிலை மட்டும்தான் கூப்பிடுறாங்கள். இந்த மாதத்துக்குள்ளை குடுக்காட்டி அந்த இடம் வேற ஆளுக்கு."

"பயப்பிடாதை பிள்ளை. இது புது ட்ராம்," என்றேன். நானே செய்து கொண்டுவந்தவன் மாதிரிச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு முதல் ஆசனத்தில் இருந்து, மடியில் வைத்த தாளைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினாள்.

கார்ல் பேர்னர் சந்தி வரை வெண்ணெய் போல ஓடினேன். அந்தத் தரிப்பில் ஆட்களை ஏற்றி இறக்கி, ட்ரொண்ட்ஹைம் வீதியில் இருநூறு மீற்றர் போனதும் நிறுத்த வேண்டி வந்தது. பனிக் குவியலுக்கு வெளியே, பின்பக்கம் தண்டவாளப் பக்கம் நீட்டும்படி ஒரு சாம்பல் நிறக் கார். நான்கு மூலையிலும் விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அந்த விளக்கைப் போட்டுவிட்டால் உலகத்தில் எங்கேயும் நிறுத்தலாம் என்று எங்கள் ஆட்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பழைய வண்டி என்றால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அந்த நான்கு விரல் ஞாபகம் வந்தது, போகவில்லை. அதுவரைக்கும் நான் செய்தது சரி. அதற்குப் பிறகுதான் காரின் பின்கண்ணாடியைப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டிகள் நிறைய அடுக்கியிருந்தன. கண்ணாடிக்குள் நீல மணிச் செபமாலை தொங்கியது. இலக்கத் தகட்டை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. என் சம்பந்தியின் கார்.

மகளுக்குக் கலியாணம் மூன்று கிழமையில். பெட்டிகளில் இருந்தது கலியாண அழைப்பிதழ். சம்பந்தி அன்று மேற்குக் கரையில், ஒரு நாள் ஓட்டத் தூரத்தில் இருக்கும் பேர்கனில் நிற்க வேண்டிய ஆள். அங்கே இருக்கும் என் அக்கா, சம்பந்தம் பேசும்போது தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டு இருந்தார். "நானே நேரிலை போய் அக்காவின்ரை கையிலை அழைப்பிதழ் குடுக்கிறன்," என்று சம்பந்தி எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனவர். முதல் நாள் இரவே பேர்கன் போய்விட்டதாக என் மனைவிக்குச் செய்தியும் அனுப்பியிருந்தார்.

இந்த இடத்தில் செய்யவேண்டியது என்ன என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் இழுவை வண்டி அனுப்புவார்கள். பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் உள்ளதைச் சொல்லி, பாதுகாப்பைப் பார்த்து, இறங்க விரும்புகிறவர்களை இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். ஒரு கார் இலக்கத்தைச் சொல்ல இருபது செக்கன் போதும்.

ஆனால் கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கச் சம்பந்தியின் காரைக் கட்டி இழுப்பித்தவன் என்று பெயர் எடுப்பதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு தரம் மணி அடித்தேன். யாரும் வரவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து மனைவிக்கு அடித்தேன்.

"சம்பந்தி இப்ப எங்கை?"

"பேர்கனிலை. மச்சாள் வீட்டை மத்தியானம் போறாராம். ஏன்?"

"அவரின்ரை கார் எனக்கு முன்னாலை நிக்குது."

"அவரின்ரை மகன் கொண்டு வந்திருப்பார். ஒண்டும் கேட்டுக் குழப்பிப்போடாதையுங்கோ. சபையிலை தலை குனிய வைக்காதையுங்கோ," என்று வைத்துவிட்டாள்.

அப்போது ஜெசிந்தா கண்ணாடியில் தட்டினாள். "அண்ணை, என்ன மாதிரி? சுணங்குமெண்டா நான் இறங்கிப் பின்னாலை ஓடிப்போய்க் கீழை ரயிலை எடுக்கட்டோ?"

கார்ல் பேர்னரில் நிலத்தடி ரயில் இருக்கிறது. ஐந்தாறு நிமிடத்தில் ஜேர்ன்பானெதோர்கெற்றுக்கே கொண்டுபோய்விடும். அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஆனால் கதவைத் திறந்தால் ஒருத்தியோடு நிற்காது, எல்லோரும் இறங்குவார்கள். வண்டி மாட்டிக்கொண்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நிலையத்துக்கும் சொல்ல வேண்டி வரும்.

"வேண்டாம் பிள்ளை, ஒரு நிமிசம். எங்கடை ஆள்தான். இப்ப வந்து எடுத்துப்போடுவார்," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய் இருந்தாள்.

"இப்போது என்ன செய்கிறாய்?" என்று பரீட்சகர் கேட்டார். சொந்தக்காரரை எனக்குத் தெரியும், கூப்பிடுகிறேன் என்றேன். "யா வெல்," என்று தன் கொப்பியில் ஏதோ எழுதினார்.

சம்பந்திக்கு அடித்தேன். முதல் இரண்டு தரமும் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்தார். சம்பந்தியோடு கதைக்கும்போது எடுத்த எடுப்பில் காரியத்துக்குப் போக முடியாது என்பது எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சுகம் கேட்டேன். அவர் என் முழங்காலைக் கேட்டார். நான் அவருடைய நெஞ்செரிவைக் கேட்டேன். அவர் மண்டபத்துச் சாப்பாட்டைக் கேட்டார். எனக்குப் பின்னால் அடுத்த ட்ராம் வந்து நின்றது.

"சம்பந்தி, இப்ப நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

"பேர்கனிலைதான் சம்பந்தி. பொல்லாத மழை."

பேர்கனில் மழை என்பதற்கு அங்கே போய்ப் பார்க்கத் தேவையில்லை. அவர் பின்னால் தலைமயிர் உலர்த்தும் மெஷின் இரைந்தது.

"காரிலையோ போனனியள்?"

"இல்லை, இல்லை. ஃபிளைற்றிலை வந்தனான். கார் எல்லிங்ஸ்ருட்டிலை, வீட்டுக் கராஜுக்குள்ளை."

பாருங்கள், இப்போது "உங்கள் கார் இங்கே நிற்கிறது" என்று சொன்னால் மகளின் மாமனாரை முகத்துக்கு நேரே பொய்காரன் என்று சொன்னதாகும். ஜெசிந்தா மறுபடியும் கண்ணாடிக்குக் கிட்ட வந்தாள். நான் போனைக் காதில் வைத்தபடி, பொறு என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். கையில் இருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஆனாலும் என் விரலைப் பார்த்தபடி நின்றாள்.

பின்னால் தமிழ்நாட்டுப் பெடியன்கள் இருவர் நின்றிருந்தார்கள், கழுத்தில் ஐடி கம்பெனி அட்டை. ஒருவன் மற்றவனிடம், "இவர் என்ன, டிராமை நிறுத்திட்டுக் குடும்ப விஷயம் பேசிக்கிட்டிருக்காரு?" என்றான். அந்த வண்டியில் நடந்ததைச் சரியாக விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அவன்தான்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்போது அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

"இல்லைச் சம்பந்தி, இஞ்சை ட்ரொண்ட்ஹைம் வீதியிலை ஒரு கார் தண்டவாளத்திலை நிக்குது. அச்சொட்டா உங்கடை கார் மாதிரியே. ஆரோ ஒரு விசரன்ரை."

"ஓ... அப்பிடியோ?"

"ஓம். இன்னும் ரெண்டு நிமிசத்திலை இழுத்துக்கொண்டு போகப் போறாங்கள். பாவம்."

தொலைபேசிக்குள் கதிரை ஒன்று விழும் சத்தம் கேட்டது. எதிரே இருந்த சலூன் கதவு திறந்தது. கழுத்தில் கறுப்புத் துணி கட்டி, தலை முழுக்கக் கறுப்புச் சாயம் அப்பி, அதன்மேல் பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு மனிதர் பனியில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தார். நெற்றியில் சாயம் ஒழுகியது. புது ட்ராமுக்குக் கண்ணாடி பெரியது, தரை தாழ்வு. எண்பது பேரும் அரங்கில் முன்வரிசையில் இருப்பவர்கள் மாதிரி அவரைப் பார்த்தார்கள்.

அவர் ட்ராமின் பக்கம் திரும்பவேயில்லை. நானும் மரியாதைக்கு மேலே மின்கம்பியை அண்ணாந்து பார்த்தேன். கார்க் கதவு அடிபட்ட சத்தம் தெருவிலும் கேட்டது, என் காதிலிருந்த போனிலும் கேட்டது.

"அப்ப வைக்கட்டோ சம்பந்தி? இஞ்சை மழை கூடுது," என்றார்.

"குடையைப் பிடியுங்கோ சம்பந்தி," என்றேன்.

கார் போனது. பாதை திறந்தது. பதினெட்டு நிமிடம் போயிருந்தது. பின்னால் மூன்று ட்ராம்கள் வரிசையில் நின்றன. எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஒருவர் முகமும் கெடவில்லை, கார் இழுபடவில்லை, ட்ராமில் ஒரு கீறல் இல்லை. ஜேர்ன்பானெதோர்கெற்றில் கதவு திறந்ததும் ஜெசிந்தா பாய்ந்து இறங்கி ஓடினாள். நேரம் பத்துக்கு இரண்டு நிமிடம். ஓடினால் பிடித்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறு கடைசித் தரிப்பில், ஆஸ்பத்திரி வாசலில், பரீட்சகர் கொப்பியைத் திறந்தார்.

"அகலத்தைச் சரியாகக் கணித்தாய். நெருக்கிக்கொண்டு போகவில்லை. நல்லது. அந்த மனிதர் யார்?"

"என் மகளுக்கு மாமனாராக வரப்போகிறவர்."

"போனில் எங்கே நிற்பதாகச் சொன்னார்?"

"பேர்கனில்."

அவர் முகத்தில் ஒரு கோடு அசைந்தது. வேறு யாருக்காவது அது சிரிப்பாக இருந்திருக்கும். பிறகு கேட்டார்: "வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள்?"

"எண்பது இருக்கும்."

"அவர்களுக்கு என்ன சொன்னாய்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நானே கவனித்தேன். சொந்தக்காரரைக் கூப்பிடுவது பிழையில்லை, ஆனால் அதற்கு முன் நிலையத்துக்கும் பயணிகளுக்கும் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும், அதன்பிறகு அவர்கள் தங்கள் காலை எங்கே வைப்பது என்று தாங்களே தீர்மானித்திருப்பார்கள் என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்ததை அன்றுதான் கண்டேன். "இன்றைக்கு இல்லை," என்று கொப்பியை மூடினார். சித்தியடையவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி சோதனை வைத்து, அதில் சித்தியடைந்தேன். அந்த வண்டியை ஆசை தீர ஓட்டிவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். கலியாணமும் குறையில்லாமல் நடந்தது. சம்பந்தி அடுத்த கிழமையே உண்மையாகப் பேர்கனுக்குப் போனார். அக்கா வந்து முன்வரிசையில் இருந்தார். படங்களில் சம்பந்தியின் தலை கரியாக மினுங்குகிறது. சாப்பாட்டு மேசையில், நானும் இருக்க, "இந்த ட்ராம்காரர் ஏன் எப்பவும் பிந்தித்தான் வாறாங்கள்?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பேர்கன் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை கதைத்ததில்லை.

இதோடு நிறுத்தினால் நல்ல பகிடிக் கதை. கூட்டங்களில் இவ்வளவும்தான் சொல்லிவந்தேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீங்கள் புதிதாக வந்தவர்கள், உங்களை நம்பி எங்கள் சனம் ஏறப் போகிறது. ஆகவே எழுதுகிறேன்.

அன்று பரீட்சகர் பக்கத்தில் நிற்க அதே வண்டியைத் திரும்ப ஓட்டி வரும்போது ஜேர்ன்பானெதோர்கெற்றில் ஜெசிந்தா நின்றாள். பரீட்சைக்குப் போனவள் அந்த நேரம் அங்கே நிற்கக் கூடாது. என்னைக் கண்டாள், நடுக் கதவால் ஏறினாள். கிறெஃப்சன் வரும்வரை கண்ணாடியில் தெரியும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஓட்டப் பெரும்பாடு பட்டேன். கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு நானே எழுந்து போனேன்.

"என்ன பிள்ளை, விட்டவையோ?"

"இல்லை அண்ணை. ஒரு நிமிசம் பிந்திப்போச்சு. அடுத்தது வைகாசியிலைதானாம்."

"நான் வேணுமெண்டா அந்த இடத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டோ? ட்ராம் நிண்டது எண்டு..."

"கேட்டுப் பாத்தனான். ஏலாதாம்." பையைத் தோளில் மாட்டினாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். கதவடியில் நின்று, யோசித்து, எனக்குச் சமாதானம் சொல்லும் குரலிலேயே சொன்னாள்.

"ஒரு நோர்வேக்காரன் ஓட்டியிருந்தா நான் அப்பவே கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி ஓடியிருப்பன், அண்ணை. நீங்கள் சொன்னபடியாத்தான் இருந்தனான்."